பிப்ரவரி இருபத்தொன்பதுக்கு இரண்டு சாட்சிகள்

காலை ஆறு மணிக்கெல்லாம் நம் குழுவில் 'இசையில் இன்று' வந்துவிடுகிறது. உட்லண்ட்ஸில் இருக்கும் நண்பர் பல் துலக்குவதற்கு முன்பே அதை அனுப்பிவிடுகிறார் என்று நினைக்கிறேன். இன்று பிறந்த பாடகி, இன்று மறைந்த கவிஞர், இன்று ஒலிப்பதிவான பாட்டு என்று வரிசையாக வரும். பாதிக்குப் பாதி தப்பு. போன மாதம் ஒரு பாடகியை ஒரே வாரத்தில் இரண்டு முறை பிறக்க வைத்தார். நானும் சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

நேற்று இருபத்தெட்டாம் தேதிக்கு ஏழு செய்திகள் வந்தன. இன்று மார்ச் ஒன்றாம் தேதிக்கு ஐந்து. நடுவே ஒரு தேதி இருக்கிறதே என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த வருடம் அது கிடையாது, நாலு வருடத்துக்கு ஒருமுறைதானே வரும், அதற்கு என்ன இப்போது என்பீர்கள். எனக்கு அந்தத் தேதியில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஐம்பது வருடமாக இருக்கிறது. அதை முடிக்காமல் விடுவதாக இல்லை. அதற்கு உங்கள் உதவி வேண்டும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். குரல் பதிவாக அனுப்பினால் நீங்கள் வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்பீர்கள், எனக்குத் தெரியும்.

எங்கள் தையல் கடையை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சிராங்கூன் ரோட்டில், பூக்கடைகளைத் தாண்டினால் கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் மூன்றாவது தூண். அந்தத் தூணில் ஒரு சின்னக் கரும்பலகை தொங்கும். அப்பா காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாகத் துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியால் அதில் 'இன்று' என்று எழுதுவார். கீழே ஒரே ஒரு வரி. 'இன்று' இந்தப் பாடகர் பிறந்தார். 'இன்று' இந்தப் படத்தின் இசைத்தட்டுகள் கப்பலில் வந்து இறங்கின. 'இன்று' நம் ஊர் மேடையில் இன்னார் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாடினார். பேர்களை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் யார் பெரியவர் என்று மத்தியானம்வரை சண்டை போடுவீர்கள்.

பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் ஏறுவார்கள். கோப்பிக் கடை முதலாளி, அந்தச் சீன தௌக்கேகூட வந்து நின்று, "டெய்லர், இன்னைக்கி யாரு?" என்று கேட்டுவிட்டுப் போவார். அவருக்குத் தமிழ்ப் பாட்டு ஒன்றுகூடத் தெரியாது.

பலகைக்கு ஆதாரம் ஒரு டைரி. துணிக் கம்பெனி வருடப் பிறப்புக்கு இலவசமாகக் கொடுத்தது. கறுப்பு அட்டை, பக்கத்துக்கு ஒரு தேதி. அப்பா அதில் வருடத்தைப் பார்க்கமாட்டார், தேதியைத்தான் பார்ப்பார். எந்த வருடத்தில் நடந்திருந்தாலும் அந்தத் தேதியின் பக்கத்தில் எழுதிவிடுவார். அதற்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்று உண்டு. பத்திரிகையில் வந்திருந்தால் பத்திரிகையே சாட்சி. நம் ஊரில் நடந்தது என்றால் நேரில் கேட்டவர் இரண்டு பேர் வேண்டும். சொந்தக்காரர்களின் காது செல்லாது. பக்கத்தின் அடியில் 'சாட்சி 1', 'சாட்சி 2' என்று எழுதி அவர்கள் பேரைப் போடுவார். கல்யாணப் பதிவுப் புத்தகம் தோற்றுப்போகும்.

எனக்குப் பதினோரு வயதான வருடக் கடைசிப் பள்ளி விடுமுறையில் கடையில் ஒரே பளபளப்பு. உள்ளூர் ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றுக்கு ஒன்பது கோட்டு தைக்கிற வேலை. சிவப்பு சாட்டின் துணி. வெட்டு மேசைக்குக் கீழே விழுந்த துண்டுகளைக்கூட நான் தலையில் கட்டிக்கொண்டு திரிந்தேன். அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து பட்டனுக்குக் காஜா எடுப்பார். சாட்டினில் காஜா எடுப்பது பெரிய பாவம் என்று முனகிக்கொண்டே எடுப்பார். எண்ணெய், இஸ்திரிப் பெட்டிச் சூடு, பூக்கடையிலிருந்து வரும் ஈரமல்லி எல்லாம் கலந்த ஒரு வாசனை. இன்று கண்ணை மூடினாலும் அது வருகிறது, ஆனால் எந்தக் கடையிலும் வாங்க முடியவில்லை.

அந்த ஆர்க்கெஸ்ட்ராவின் பாடகர் ஒரு நாள் கோட்டு அளவு பார்க்க வந்தார். கூடவே நாலு நண்பர்கள். குறிப்பிட்ட ஒரு பாட்டை இந்த ஊரில் முதலில் மேடையேற்றியது தான்தான் என்று டைரியில் எழுத வேண்டும் என்றார்.

"சாட்சி இருக்கா தம்பி?" என்றார் அப்பா.

"நாலு பேரு இருக்காங்க அண்ணே. கூட்டிட்டே வந்துட்டேன்."

அப்பா நாலு பேரையும் தனித்தனியாகக் கடைக்குள் கூப்பிட்டார். "பாட்டு நடுவுல என்னாச்சு?" என்று ஒரே கேள்வி. நாலு பேரும் ஒரு எழுத்து மாறாமல், "ஜனங்க எழுந்து நின்னு கை தட்டுனாங்க" என்றார்கள்.

அப்பா டைரியை மூடிவிட்டார். "சொல்லி வச்ச சாட்சி செல்லாது, தம்பி. பாட்டு நடுவுல எவன்யா எழுந்து நிப்பான்? பின்னால இருக்கறவன் சும்மா விடுவானா?"

பாடகர் முகம் அவருடைய கோட்டு நிறத்துக்கு வந்துவிட்டது. எனக்கு அன்று அப்பாவைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. ஊரில் எவருக்கும் வளையாத மனிதர் என்று நினைத்தேன். அந்த வளையாமை என் பக்கமும் திரும்பும் என்று பதினோரு வயதுக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்கே கேட்டுவிட்டேன். "அப்பா, என் பேர எப்ப எழுதுவீங்க?"

"எதுக்கு?"

"நான் பாடினா."

அப்பா ஊசியை வாயில் கடித்தபடி சிரித்தார். "உன் குரலு மிசினுக்கு எண்ணெ போடாத மாதிரி இருக்கு பாப்பா. நீ நல்லா படி."

இது கேலிதான். அவர் எல்லாரையும் கேலி செய்வார். ஆனால் எங்கள் மாதா கோயிலில் பாடகர் குழு நடத்திய டீச்சரும் அதே மாதத்தில்தான் என்னைப் பின்வரிசைக்குத் தள்ளி, "நீ வாயை மட்டும் அசைம்மா, சத்தம் வேணாம்" என்று சொல்லியிருந்தார். கிறிஸ்துமஸ் பூசை முழுவதும் நான் சத்தமில்லாமல் வாயசைத்தேன். குழந்தை யேசுவுக்கு மட்டும் தெரியும். இரண்டும் சேர்ந்து எனக்குள் என்னவோ ஆயிற்று. அழவில்லை. பிடிவாதம் வந்தது. என் பிடிவாதம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"ரேடியோல பாடினா எழுதுவீங்களா?" என்று கிறிஸ்துமஸ் முடிந்ததும் அப்பாவிடம் கேட்டேன்.

"ரேடியோல வந்தா எழுதித்தானே ஆவணும்."

"சத்தியமா?"

"சத்தியமா. ஆனா ரெண்டு சாட்சி வேணும்லா. மகளுன்னு சலுகை கெடையாது."

குன்றின் மேல் இருந்த வானொலி நிலையத்தில் அப்போது ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குச் சிறுவர் நிகழ்ச்சி நேரடியாக ஒலிபரப்பாகும். அதில் பாட முதலில் குரல் தேர்வு. அம்மா, "துணி எடுக்கப் போறோம்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு என்னைக் கூட்டிப்போனார். நான் ஊரே பாடுகிற ஓர் உச்சஸ்தாயிப் பாட்டை எடுத்தேன். இரண்டாவது வரியில் குரல் கிழிந்தது. நிகழ்ச்சி நடத்தும் அக்கா நல்லவர். "சளி பிடிச்சிருக்கு போல. அடுத்த மாசம் வாம்மா" என்றார். எனக்குச் சளி இல்லை. அது அவருக்கும் தெரியும்.

மறுநாள் சிவப்புக் கோட்டுக்குக் காஜா எடுத்துக்கொண்டே அம்மா சொன்னார். "ஏன் மேல மேல போயி முட்டிக்கிற? உனக்குக் கீழதான் நல்லாருக்கு. ஆம்பள பாட்டு எடுத்து அப்படியே பாடேன்."

"சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சதும் கேப்பாங்க."

இதுதான் அம்மா எனக்குக் கொடுத்த சங்கீதப் பாடம், ஒரே பாடம். அவருக்கு ஸ்வரம் தெரியாது. காஜா ஓட்டையைவிடப் பட்டன் பெரிதாக இருந்தால் பட்டனை மாற்று என்கிற அறிவு அவருக்கு இருந்தது. நான் ஆண் குரலில் வந்த ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. குளிக்கும்போது, மாடிப்படியில், கழிவறை வரிசையில் எல்லாம் தாழ்ந்த குரலில் அதையே பாடினேன். அப்பா கீழே கடையில் மிசின் ஓட்டுகிற நேரம் பார்த்து மாடியில் எங்கள் வீட்டில் பாடுவேன், அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்காது.

இரண்டாவது தேர்வில் முதல் வரி முடிவதற்குள் அந்த அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். முடிந்ததும், "இந்தக் குரல எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்றார். பிப்ரவரி இருபத்தொன்பது, ஞாயிறு, நாலு மணி என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். நான் அந்தச் சீட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வியர்வையில் நனைத்தே விட்டேன்.

அன்றிரவு சோறு சாப்பிடும்போது அப்பாவிடம் சீட்டை நீட்டினேன். அவர் படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "சரி" என்றார். அவ்வளவுதான். அம்மா எனக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தார்.

இனிதான் வந்தது வினை. என் பேர் எந்த இடத்தில் வரும் என்று பார்க்க ஆசைப்பட்டு, அப்பா கோப்பி குடிக்கப் போன நேரத்தில் டைரியை எடுத்துப் புரட்டினேன். இருபத்தேழு. இருபத்தெட்டு. அடுத்த பக்கம் மார்ச் ஒன்று. விரலில் எச்சில் தொட்டு இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். ஒட்டவில்லை. துணிக் கம்பெனி கொடுத்தது சாதாரண வருடத்து டைரி. அப்பா அதைத் தொடங்கி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது, நடுவில் லீப் வருடம் குறுக்கிடவில்லை. அதனால் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வருடத்தில் மற்ற எந்த நாளில் பாடியிருந்தாலும் எனக்கு ஒரு பக்கம் இருந்திருக்கும்.

அப்பா வந்ததும் காட்டினேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு அவரும் எச்சில் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப இருபத்தெட்டுல கீழ எழுதிடலாம்" என்றார்.

"அது வேறவங்க நாளு. நீங்கதானே சொல்வீங்க, தேதி மாத்தினா பொய்யின்னு?"

"மார்ச் ஒண்ணுல?"

"அதுவும் பொய்யிதான்."

"அப்ப நான் என்னா செய்யட்டும்? பக்கமே இல்லாத நாள்ல போயி பாட ஒத்துக்கிட்டு வந்தது நீ."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார் என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்கு அது, முழுக்க ஏறிவிட்ட ஏணியைக் கீழே இருந்து எடுத்த மாதிரி இருந்தது. நான் அளவு வெட்டுகிற பழுப்புக் காகிதத்தில் ஒரு துண்டை எடுத்தேன். டைரியை அதன் மேல் வைத்துச் சாக்குக்கட்டியால் சுற்றிக் கோடு போட்டேன். அப்பாவின் பெரிய கத்திரியை இரண்டு கையாலும் பிடித்து வெட்டினேன். மேலே 'பிப்ரவரி 29' என்று எழுதி இருபத்தெட்டுக்கும் ஒன்றுக்கும் நடுவே செருகினேன். காகிதம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். கத்திரியைக் காகிதத்துக்குப் பயன்படுத்தினால் அவர் யாரையும் விடமாட்டார். அன்று வாயே திறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை. குரல் உடைந்தால் திங்கட்கிழமை மானம் போகுமே. அப்பாவையும் கூப்பிடவில்லை. "கடையில ரேடியோ கேளுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு கோட்டுக்குப் பொத்தான் பொருத்துவதைத் தொடர்ந்தார். அம்மாவும் நானும் பஸ் ஏறினோம். அம்மா மிச்சம் விழுந்த சிவப்பு சாட்டினில் எனக்கு ஒரு ரிப்பன் தைத்திருந்தார். ரேடியோவில் ரிப்பன் தெரியாதே என்றேன். "உனக்குத் தெரியும்ல" என்றார்.

நிலையத்தின் உள்ளே குளிர்ந்தது. எனக்கு முன்னால் ஒரு பையன் கதை சொல்கிறேன் என்று நேரத்தை இழுத்துவிட்டான். அதனால் அந்த அக்கா அவசரமாக, "அடுத்து ஒரு சின்னப் பெண் பாடுகிறாள்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை காட்டினார். என் பேரைச் சொல்லவில்லை. அதற்குள் தபேலா தொடங்கிவிட்டது. நான் பாடினேன். முழுப் பாட்டும் பாடினேன். குரல் உடையவில்லை. நடுவில் ஒன்று நடந்தது. அது என்னவென்று இங்கே சொல்லமாட்டேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

வீடு திரும்பியபோது கடை பாதி சாத்தியிருந்தது. அப்பா மிசினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. இஸ்திரி போட்டிருப்பார் என்று நினைத்தேன்.

"கேட்டீங்களாப்பா?"

"ம். சாப்டியா?"

"நல்லாருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு. போயி முகம் கழுவு."

மறுநாள் காலை பலகையில் மார்ச் ஒன்றுக்கு உரிய வரி இருந்தது. யாரோ ஓர் இசையமைப்பாளர் பிறந்திருந்தார். பள்ளிக்குப் போகிற அவசரத்தில் டைரியைத் திறந்தேன். இருபத்தெட்டு, ஒன்று. என் பழுப்புக் காகிதம் இல்லை. வெட்டு மேசைக்குக் கீழே பார்த்தேன். குப்பைக் கூடையில் பார்த்தேன். அதில் துண்டுத் துணியும் பழுப்புக் காகிதக் கிழிசலும் நிறையக் கிடந்தன. எது என்னுடையது என்று தேட மனம் வரவில்லை. தூக்கிப் போட்டுவிட்டார் என்று முடிவு செய்துகொண்டேன். கேட்டு வாங்கினால் அது பிச்சை. கேட்பதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். அந்த டைரியை அவர் உயிரோடு இருந்தவரை மறுபடி தொடவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பிடிவாதம் இருந்தால் இப்படித்தான்.

அதற்காகப் பாடுவதை விட்டேன் என்று நினைத்து அனுதாபப்பட வேண்டாம். அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பாடகர் குழுவில் சத்தமாகவே பாடினேன், தாழ்ந்த குரலில். டீச்சர் திரும்பிப் பார்த்தார், பிறகு தாளத்தைத் தொடர்ந்தார். இப்போது புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ரயிலேறி வந்து அதே கோயிலில் முன்வரிசையில் நின்று பாடுகிறேன். மூட்டு வலிக்கிறது, நாற்காலி தருகிறேன் என்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கடை இருந்த கட்டடத்தைப் பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அப்பா மார்க்கெட் மாடியில் ஒரு சின்னக் கடைக்கு மாறினார். மாறும்போது பலகை எங்கேயோ போயிற்று. முன்புறம் துணி போர்த்திய கடை ரேடியோவும் போயிற்று. டைரி மட்டும் அவரோடேயே இருந்தது. அவர் காலமான பிறகு, இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, அலமாரியைக் காலி செய்தபோது அது என் கைக்கு வந்தது. நேராகப் பிப்ரவரிக்குப் போனேன்.

என் பழுப்புக் காகிதம் இருந்தது. செருகி அல்ல, தைத்து. வெளியே நீட்டியிருந்த ஓரத்தைச் சீராக வெட்டி, முதுகில் காஜா நூலால் நெருக்கமாகக் கைத்தையல் போட்டிருந்தார். அந்தத் தையலை அவிழ்க்க வேண்டுமானால் புத்தகத்தையே கிழிக்க வேண்டும். மேலே என் கோணல் எழுத்தில் 'பிப்ரவரி 29'. அடியில் அவர் கையெழுத்தில் 'சாட்சி 1', 'சாட்சி 2'. நடுவில் ஒன்றுமே இல்லை. சாட்சிகளுக்கு நேராகவும் ஒன்றுமே இல்லை.

என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், எனக்கு அன்று கோபம்தான் வந்தது. தைக்கத் தெரிந்தவருக்கு எழுதத் தெரியாதா? மகள் பாடினாள் என்று எழுத இரண்டு பேர் சாட்சி வேண்டுமா? ரேடியோவில் பேரைச் சொல்லவில்லை என்பதால் நான்தான் பாடினேன் என்று நம்பவில்லையோ என்றுகூட நினைத்தேன். அப்பா செத்ததற்கு அழுத கண்ணோடு அவர் மேல் கோபப்பட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் கோபத்தை இருபது வருடம் வைத்திருந்தேன்.

போன தீபாவளிக்கு முன்னால் தேக்காவில் பூ வாங்கப் போயிருந்தேன். நாங்கள் தீபாவளி கொண்டாடுவதில்லை என்றாலும் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க மல்லிகை வாங்குவேன். எங்கள் பழைய அஞ்சடியில் பூக்கடை வைத்திருந்த அக்கா, இப்போது மகள் நடத்துகிற கடையில் ஒரு பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ டெய்லர் மவதானே? ரேடியோல ஆம்பள பாட்டு பாடுனியே?"

எனக்குக் கையில் இருந்த பூ நழுவியது. அந்த ஐம்பது வருடத்தில் என்னிடம் அதைச் சொன்ன முதல் வெளியாள் அவர்தான்.

"நீங்க கேட்டீங்களாக்கா?"

"கேக்காம? உங்கப்பா விட்டாதானே! மத்தியானத்துலேருந்து கடை கடையா ஏறி எறங்குனாரு. நாலு மணிக்கு ரேடியோவ நம்ம ஸ்டேஷனுக்குத் திருப்பு, சத்தமா வைய்யின்னு. நகைக் கடை, மளிகைக் கடை, பாத்திரக் கடை, ஒருத்தரையும் வுடல. அந்தச் சீனத் தௌக்கே ரேடியோல ஏதோ சீனக் கதை கேட்டுக்கிட்டிருந்தாரு. அவருகிட்ட போயி, 'செக்கெஜாப் தௌக்கே, கொஞ்ச நேரந்தான், ஒரே ஒரு பாட்டு'ன்னு கெஞ்சுறாரு, பாதி மலாயி பாதி தமிழு. உன் பாட்டு ஆரம்பிச்சதும் மனுசன் கடையில உக்காரலம்மா. அந்தக் கோடியிலேருந்து இந்தக் கோடி வரைக்கும் அஞ்சடியில நடந்தாரு. ஒரு கடை ரேடியோ முடியறதுக்குள்ள அடுத்த கடை ரேடியோ. வேகமாவும் நடக்கல. கைய பின்னால கட்டிக்கிட்டு நடந்தாரு."

"பலகையில என்னா எழுதியிருந்துச்சுக்கா அன்னைக்கி?"

"'இன்று'ன்னு மட்டும் இருந்துச்சு. கீழ ஒண்ணும் இல்ல. நான் கேட்டேன். 'பொறு, சாட்சி வரட்டும்'னாரு."

நான் அந்தக் கடை வாசலிலேயே நின்று அழுதேன். வெளிநாட்டுப் பயணிகள் படம் எடுத்தார்கள். எடுத்துக்கொள்ளட்டும்.

உங்களுக்குப் புரிந்திருக்கும். அன்று அந்தத் தெரு முழுவதும் என் பாட்டைக் கேட்டது. ஆனால் ஒவ்வொருவரையும் கேட்கச் சொன்னது அப்பா. சொல்லி வைத்த சாட்சி செல்லாது. ஆர்க்கெஸ்ட்ரா பாடகரிடம் அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பியவர், தன் மகளுக்காக ஒரு தெரு நிறையச் சாட்சியைத் தானே கெடுத்துக்கொண்டார். மகள் குரலை ஊர் கேட்க வேண்டும் என்ற ஆசையில் சட்டத்தை மறந்துவிட்டார். பாட்டு முடிந்து, வியர்த்த சட்டையோடு மிசினுக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் அது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். நான் உள்ளே வந்து "கேட்டீங்களாப்பா" என்றது அந்த நேரத்தில்தான். அன்றிரவு டைரியிலிருந்து எடுத்த பக்கத்தைப் பிறகு தைத்து வைத்துவிட்டு, கேட்கச் சொல்லாமலே கேட்ட இரண்டு பேர் என்றாவது கடைக்கு வருவார்கள் என்று அந்த மனிதர் காத்திருந்திருக்கிறார். அதை என்னிடம் சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

பாட்டு நடுவில் நடந்ததைப் பூக்கார அக்கா சரியாகச் சொன்னார். ஆனால் அவரும் அப்பா சொல்லி வைத்தவர். அவர் பேரை எழுத முடியாது. அம்மா இன்று உயிரோடு இருந்திருந்தாலும் சொந்தக்காரர்தான், அவர் காதும் செல்லாது. நானே எழுதிவிடலாமே, யார் கேட்கப்போகிறார்கள் என்று என் மகள் சொல்கிறாள். நான் அந்த அப்பாவின் மகள். அப்படி எழுதமாட்டேன்.

ஆகவே கேட்கிறேன். ஐம்பது வருடத்துக்கு முன்னால், பிப்ரவரி இருபத்தொன்பது, ஞாயிறு, மாலை நாலு மணிக்கு மேல் உங்கள் வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்ததா? யாரும் சொல்லாமல், சும்மா, துணி மடித்துக்கொண்டோ வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டோ, பேர் சொல்லாத ஒரு சின்னப் பெண் தாழ்ந்த குரலில் பாடியதைக் கேட்டீர்களா? உங்கள் அண்ணன், அக்கா, சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமா, யாராக இருந்தாலும் சரி. எனக்கு இரண்டே பேர் போதும். அடுத்த இருபத்தொன்பதுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அதற்குள் கிடைக்காவிட்டால் அதற்கடுத்த நாலு வருடம். மூட்டுதான் வலிக்கிறது, மற்றபடி நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

உட்லண்ட்ஸ் நண்பர் உடனே "நான் கேட்டேன்" என்று அனுப்புவார். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பேச்சுவாக்கில் அவரிடம் கேட்டுப் பார்த்தேன். கேட்டேனே என்று சொல்லி ஒரு பாட்டையும் பாடிக் காட்டினார். அந்தப் பாட்டு அப்போது பிறக்கவே இல்லை. அவர் பேரை முதலிலேயே அடித்துவிட்டேன்.

மற்றவர்கள் குழுவில் எழுத வேண்டாம். ஒருவர் சொன்னதை ஒருவர் பார்த்துவிடுவீர்கள். என்னைத் தனியாகக் கூப்பிடுங்கள். டைரியும் பேனாவும் மேசை மேலேயே இருக்கின்றன. கூப்பிட்டால் இரண்டே கேள்விதான் கேட்பேன், பாட்டையும் நடுவில் நடந்ததையும் இங்கே சொல்லாதது அதற்காகத்தான். அது என்ன பாட்டு? நடுவில் என்ன ஆயிற்று?